உட்காருங்கள் என்று சொல்லும் வரை

இங்கே அயர்லாந்தில், ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் என்னைப் போலப் பூந்தமல்லியில் வருடக்கணக்காகக் கணக்கு வாத்தியாராக இருந்து பார்க்க வேண்டும். அங்கே வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே பெஞ்சுகள் தடதடக்கும். "வணக்கம் சார்" என்று மொத்த வகுப்பும் ராகம் போடும். நான் "உட்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்காரும். இங்கோ நான் உள்ளே போனால் ஒரு பையன் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே "ஹாய் சம்பத்" என்கிறான். பிரியமாகத்தான் சொல்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் முதல் வாரம் முழுக்க என் காது சுட்டது.

மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். என் சான்றிதழ்களைச் சரிபார்த்து முடிக்கும் வரை ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் வகுப்பு உதவியாளனாகச் சேர்ந்தேன். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது, மதியம் அவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவது. வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் வேறொருவர் கணக்கு நடத்துவதைப் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பட்டினி கிடப்பது மாதிரி இருந்தது. சான்றிதழ் வந்த பிறகும், கணக்கு வகுப்பை என்னிடம் தருவதா வேண்டாமா என்பது தலைமை ஆசிரியை நோராவின் கையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். புயல் எச்சரிக்கையால் பள்ளிக்கு விடுமுறை. ஆசிரியர் கூட்டம் வீடியோவில் நடந்தது. திரையில் நோராவின் முகம் வந்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோருக்கும் என் சட்டைப் பித்தான்கள்தான் தெரிந்திருக்கும்.

"கிளம்புகிறீர்களா சம்பத்?" என்றார் நோரா.

"இல்லை, நீங்கள் வந்தீர்கள், அதனால்தான்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுநாள் என்னைத் தனியே அழைத்து, மிகவும் கனிவாக, "கணினி, வீடியோ இதெல்லாம் உங்கள் ஊரில் அதிகம் இருந்திருக்காது. வெட்கப்பட வேண்டாம். தொடக்கப் பயிற்சி ஒன்று இருக்கிறது," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கனிவுதான் சுருக்கென்று தைத்தது.

எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லையாம்! ஊரடங்குக் காலத்தில் முதல் வீடியோ வகுப்பன்று நான் திரையில் வந்ததும் பிள்ளைகள் அவரவர் வீட்டில் எழுந்து நின்றார்கள். கட்டம் கட்டமாகச் சட்டை, பாவாடை நாடா, ஒரு பையனின் தொப்புள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் வாரமே கட்டங்கள் குறைய ஆரம்பித்தன. நசரத்பேட்டையிலிருந்து வரும் மஞ்சு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். "சார், நைனா டூட்டிக்குப் போவச்சொல்லோ போனை எட்த்துகினு பூட்றாரு. அவுரு ஊட்டுக்கு வந்தாத்தான் போனு. நான் இன்னா சார் பண்றது?"

வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சரி, வீடியோவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் கணக்கைக் குரலில் அனுப்புவேன். அவர்களும் குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். விடை மட்டும் போதாது, எப்படிப் போட்டாய் என்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும். வந்த பதிவுகளைக் கேட்க வேண்டுமே! குக்கர் விசில், பாங்கு ஓசை, ட்ரங்க் ரோட்டு லாரி ஹாரன், நடுவில், "அப்பால மூணால வகுத்தேன் சார், அங்கதான் உதைக்குது." எந்தப் படியில் யார் வழுக்குகிறார்கள் என்பது எனக்கு அப்படியே காதில் விழுந்தது. நோட்டுத் திருத்தி இதைக் கண்டதில்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணக்கை விட்டு ஓடவில்லை. மார் தட்டிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், தட்டிக்கொள்ளத்தான் செய்கிறேன்.

இதையெல்லாம் நோராவிடம் கொட்டினேன். இங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் இருக்கிறது. விடை சரியென்றால் நட்சத்திரம் மின்னும், தப்பென்றால் அடுத்த கேள்வி வந்துவிடும். ஏன் தப்பு என்று யாரும் கேட்பதில்லை என்றேன். நோரா, "ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்," என்றார்.

இரண்டு ஊர் வகுப்புகளையும் வீடியோவில் சேர்த்து நடத்தலாமா என்று கேட்க, நான் என் பழைய பள்ளிக்குப் போன் செய்தேன். அங்கே இப்போது என் வகுப்புகளை நடத்தும் மெஹருன்னிசா டீச்சர், "இதுக்கு எதுக்கு சார் தயங்குறீங்க? ஸ்மார்ட் போர்டு சும்மாத்தான் சுவத்துல மாட்டியிருக்கு, போட்டுடலாம்," என்றார். இங்கே காலை, அங்கே கடைசிப் பீரியட். இரண்டு வகுப்புக்கும் ஒரே கணக்கு. விடையைச் சொல்லாமல், போட்ட விதத்தை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பது என் வேலை.

அன்று நடுவில் ஒரு முறை இணைப்பு போனது எங்கள் அயர்லாந்துப் பக்கத்தில்தான், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது, "இன்னா டீச்சர், ஃபாரின்ல கூடவா சுத்திகினே கீது?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா! வகுப்பு முடிந்ததும் நோரா, "அடுத்த பருவத்திலிருந்து கணக்கு உங்களுடையது," என்று கை கொடுத்தார். பயிற்சியைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் கைகுலுக்கல் அல்ல, வகுப்பின் முதல் நிமிடம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லி திரையில் வந்தது. பெஞ்சுகள் தடதடத்தன. "வணக்கம் சார்" என்ற ராகம் எழுந்தது, திரை முழுக்கச் சட்டைப் பித்தான்கள். நானும் எழுந்துவிட்டேன். என் பித்தான்கள்தான் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும், நான் அந்தப் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க சொன்னாத்தான் உட்காருவாங்க," என்றார் மெஹருன்னிசா டீச்சர்.

முன்னால் ஒரு வகுப்பு நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு வகுப்பு உட்கார்ந்துகொண்டிருந்தது. நடுவில் நான் நின்றேன். இரண்டு வகுப்புமே நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தன.