பலாச் சிராய்

பலாமரம் அறுக்கும் வாசனை எங்கே வந்தாலும், கூடலூர் ரம்பக்குழி ஓரம், ரம்பம் உதிர்த்த மஞ்சள் சிராய்த்தூளில் கணுக்கால் புதைய, அம்மாவின் சேலையைப் பிடித்து நிற்கிறேன். குழிக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக இழுக்கும் ரம்பம் தூங்குகிறவரைப் போல மூச்சு விடுகிறது. அவரைச்செடிக்கு மூடாக்குப் போட என்றால் சிராயை இனாமாக அள்ளவிடுவார்கள். மரம் மண்ணுக்கே திரும்ப வேண்டுமாம், அடுப்புக்குக் கிடையாது.

அடைமழையில் விறகு நனைந்துபோன அன்று, காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி வைக்க அம்மா அவரைக்கென்று அள்ளிவந்த சிராயை எரித்துவிட்டாள்.

காய்ச்சல் விட்டதும் மறுபடி குழிக்குச் சிராய் அள்ளப் போனோம். மேலே நின்ற ரம்பக்காரர், "அன்னைக்கு ஒங்க வீட்டுப் புகை இங்கன வரைக்கும் பலாவா மணத்துச்சு, ஆத்தா," என்றார்.

அம்மா கூடையைப் பின்னால் மறைத்தாள். அவர் அதை வாங்கி, ஈரச் சிராயை நிரப்பி, சாக்குக்கடியில் நனையாமல் வைத்திருந்த காய்ந்த சிராயில் இரண்டு கை மேலே போட்டார்.

"அடியில இருக்கது அவரைக்கு."