அத்தையின் கட்சி

எங்கள் வீட்டில் அத்தை ஒருத்திதான் எதிர்க்கட்சி என்பதை நான் ஐந்தாவது படிக்கும்போது கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தங்கை என்றும் பார்க்காமல் வைவாரே என்று பயம்.

அப்பா ஆளுங்கட்சி. பரவை மார்க்கெட் கடையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலும் கரை வேட்டியோடுதான் உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் சட்டசபையில் அவர் கட்சியின் பெரும்பான்மை நூலிழையில் தொங்கியது. சில உறுப்பினர்கள் இறந்துபோனார்கள். சிலர் கட்சி மாறிப் பதவி இழந்தார்கள். காலியான ஐந்து தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வந்தது. இரண்டிலாவது ஜெயிக்காவிட்டால் ஆட்சி போய்விடும்.

ஆட்சி போனால் அத்தையின் கல்யாணமும் போய்விடும். கொட்டாம்பட்டியில் பார்த்திருந்த மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை வாங்கித் தருவதாகக் கட்சிக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் அம்மா, முகம்கூடத் தெரியாத வேட்பாளர்களுக்காகக் கோவிலில் நெய்விளக்குப் போட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அத்தை மட்டும் எப்போதும்போலக் கம்பெனி வேன் ஏறிக் கப்பலூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். அந்த மாதம்தான் அவளைச் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

வாக்கு எண்ணிக்கையன்று அப்பா கடைக்குப் போகாமல் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் தொகுதி போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் போனது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அடுப்படிக்கு ஓடிச் செய்தி சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிராமல் கேட்டாள்.

"இன்னும் எத்தன போகணும்டி?"

"இன்னும் ரெண்டு போனா அம்புட்டுத்தான் அத்தே."

மூன்றாவதும் போனது. நான்காவதில் ஆளுங்கட்சி தப்பியது. கடைசித் தொகுதிக்கு அத்தையும் கூடத்துக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சுற்றில் இவர்கள் முந்தினால் அடுத்த சுற்றில் அவர்கள். எதிர்க்கட்சி முந்தும்போதெல்லாம் அத்தையின் முகம் தெளிந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

சொற்ப வாக்கில் ஆளுங்கட்சியே ஜெயித்தது.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்று அப்பா மூச்சு விட்டார். வாசலில் சரவெடி வெடித்தது. நான் அத்தைக்கு லட்டு கொண்டுபோனேன். கொல்லைக் குழாயடியில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு தொகுதிடி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கவலப்படாத அத்தே, அடுத்த எலெக்சன்ல ஒன் கட்சிதான் ஜெயிக்கும்" என்றேன். அவள் என்னை ஈரக்கையோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. அதன்பிறகு கம்பெனி வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை.

நான் சொன்னபடியே அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. அப்பா குப்புறப் படுத்திருந்த நேரம் பார்த்து, கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஜெயிச்சிட்டோம் அத்தே" என்று கிசுகிசுத்தேன்.

"எதுலடி?" என்று கேட்டாள்.

இத்தனை நாள் அவளுக்காக ரகசியம் காத்த எனக்கு, தன் கட்சியையே மறந்துவிட்டாளே என்று கோபம் கோபமாக வந்தது.