ஆவணியிலேயே வந்துவிட்ட புரட்டாசி

இன்று காலை வாசலுக்கு வந்த மீன்காரம்மாவை என் மருமகள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"கன்னி மாசம், அதான் புரட்டாசி, பொறந்துடுச்சு மாமா, இனிமே கவுச்சி கிடையாது. போன்ல கன்னி ராசிக்கு 'வெர்கோ சீசன்'னு போட்டிருக்கான்."

"அது வெள்ளைக்காரன் கணக்கும்மா. நமக்கு இன்னும் ஆவணி. சூரியன் சிம்மத்துலதான் நிக்குது" என்று காலண்டரைக் காட்டினேன்.

"கன்னிக்காரங்க எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பாங்களாம். ஆகஸ்ட் கடைசில பொறந்த நீங்களும் கன்னிதானாம்!"

ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளியோடு இன்னும் கோர்ட்டுக்கு நடப்பவன் நான். புரட்டாசி பிறக்குமுன் மீனை விட்டுக்கொடுப்பேனா? பஞ்சாங்கத்தையும் எடுத்து வந்து ஜெயித்தேன்.

அதற்குள் அடுத்த தெருவில் மீன்கூடை காலியாகிவிட்டது.

மதியம் கீரைக்குழம்பு. இன்று ஆவணிதான் என்று ஒப்புக்கொள்ளும் வீட்டில் மீன் கொதித்தால் சொல்லுங்கள். தட்டோடு வருகிறேன்.