எதிரணிக்கும் தமிழ் விளங்கும்

இன்று ஜெர்மனியின் ஹனோவரில் மகள் ஆரணியின் பள்ளிக்கூட உதைபந்தாட்டம். வென்றால்தான் அடுத்த சுற்று. அவள்தான் அவர்களின் அணியில் வேகமாக ஓடுகிறவள். விழுந்து பல்லை உடைப்பாளோ என்று எனக்குத்தான் கவலை.

எதிரணியின் தடுப்பில் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தமிழ் இங்கே யாருக்கு விளங்கப் போகிறது என்ற துணிச்சலில் கத்தினேன்.

"பிள்ளை, இடப்பக்கம் ஒருத்தரும் இல்லை! அங்காலை ஓடு!"

எதிரணியின் தங்கநிறத் தலைமுடிக்காரி ஒருத்தி உடனே இடப்பக்கம் போய் நின்றாள்.

"அப்ப நடுவாலை போ!"

அவளும் நடுவுக்கு வந்துவிட்டாள்.

இடைவேளையில் அந்தப் பிள்ளை என்னிடமே வந்தாள். "நன்றி அன்ரி. என்ரை அம்மா மன்னார். நீங்கள் நல்லா விளங்கப்படுத்திறியள்."

ஆரணி என்னை முறைத்தாள். "அம்மா, இனி வாயைத் திறக்காதேங்கோ!"

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஆரணி பிறந்ததிலிருந்து நான் சொன்னதற்கு எதிராகத்தான் செய்வாள். நான் வலப்பக்கம் என்று பொய் சொன்னால் மன்னார்ப் பிள்ளை நம்பி வலப்பக்கம் போகும், என் பிள்ளை வழமைபோல இடப்பக்கம் ஓடும்.

கடைசி நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. பந்து ஆரணியின் காலில்.

"வலப்பக்கம் ஓடு, பிள்ளை!"

இரண்டு பேரும் வலப்பக்கம் ஓடினார்கள்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அடுத்த சுற்று இல்லை.

வீடு வரும்வரை ஆரணி அழுதாள். "நீங்கள்தானே சொன்னியள்! நான் கேட்டனான்தானே!"

முதல் தடவையாகச் சொல்வழி கேட்ட பிள்ளையை எப்படி ஆறுதல்படுத்துவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ.

ஜெர்மனில் எழுதினால் நல்லது. தமிழில் என்றால் அந்தப் பிள்ளையின் தாயும் வாசிப்பா.