பன்னிரண்டாவது கால்

காரமடைப் பக்கத்து மாதா கோயிலில் பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்குக்கு வருகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். ஒருவர் பவுடர்கூடப் போடுவார். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாகச் சாமியார் அந்தச் சுத்தமான கால்களைச் சுத்தப்படுத்துவார்.

தொண்ணூற்று நாலில் பன்னிரண்டாவது ஆளான அரிசி மில்காரர் வரவில்லை. சாமியார் வாசலைப் பார்த்தார். மூட்டை தூக்கிப் பிழைத்து, சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி, அங்கேயே தங்கிவிட்ட காளிச்சாமி உட்கார்ந்திருந்தார்.

"அவரைக் கூட்டிட்டு வாப்பா."

கோயில்பிள்ளை பங்காரு போய்க் காளிச்சாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கடைசி இடத்தில் உட்காரவைத்தார். தோட்டக் கூலியாக இருந்து கோயில் வேலைக்கு வந்தவர். சம்பளம் மணி அடிக்கவும் மெழுகுவத்தி ஏற்றவும்தான். எட்டு மாதமாகத் தினமும் காளிச்சாமியின் புண்ணைக் கழுவிக் கட்டுவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. இன்னொரு தடவை சீழ் வைத்தால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சாமியார் கையிலிருந்த கூஜாவில் இருந்ததோ கிணற்றுத் தண்ணீர். பங்காருவேதான் மொண்டு வைத்தார். பவுடர் கால்களுக்கு அது போதும்.

ஏழு, எட்டு, ஒன்பது. துண்டைப் பிடித்தபடி பங்காரு கூடவே நகர்ந்தார். பதினோராவது காலை முத்தமிட்டு நிமிர்ந்த சாமியார், அடுத்த காலின் கட்டைப் பார்த்துத் தயங்கினார். பிறகு கூஜாவைச் சாய்த்தார்.

"வேண்டாஞ் சாமி!"

பங்காருவின் குரலில் பாட்டு நடு வரியில் நின்றது.

"பச்சத்தண்ணி ஆவாதுங்க. கொதிக்க வெச்சு ஆறுனதுதான் ஊத்தோணுமுங்க."

"எல்லாரும் காத்துட்டிருக்காங்கப்பா."

"இருக்கட்டுங்க. கால் போயிருமுங்க."

முன்வரிசையில் சபைத் தலைவர் எழுந்தார். "ஏனப்பா, ஏசுநாதரு அடுப்பப் பத்த வெச்சுட்டா கழுவுனாரு?"

வேலை போயிற்று என்றே பங்காரு நினைத்தார். "அது தெரியாதுங்க. ஆனா புண்ணு இருக்குதா, வலிக்குதான்னு கேக்காம கை வெச்சிருக்க மாட்டாருங்க."

சாமியார் கூஜாவைக் கீழே வைத்தார். சாயங்காலக் கட்டுக்காக வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பங்காருவின் மனைவி கொண்டுவந்தார். அது ஆற இருபது நிமிஷம். அவ்வளவு நேரமும் சாமியார் தரையில் முழங்காலிட்டே இருந்தார். பங்காரு கட்டை அவிழ்த்து, விரல் இடுக்கில் எப்படி ஊற்றுவது என்று காட்டினார்.

சாமியார் ஊற்றினார். "வலிக்குதுங்களா?"

காளிச்சாமி சிரித்தார். "எனக்கெங்கீங்க சாமி வலிக்குது? ஆணி ஏறுனாலும் இந்தக் காலுக்குத் தெரியாது. வலி, பயம் எல்லாம் இவனுக்குத்தானுங்க."

சாமியார் பங்காருவைப் பார்த்தார். பிறகு காளிச்சாமியின் காலை முத்தமிடக் குனிந்தார்.

"அது வேண்டாமுங்க சாமி," என்றார் பங்காரு. "மருந்து போடோணும்."