என் பெயருக்கு எழுதிய மாத்திரை

"புத்தகத்தப் படிச்சே இம்புட்டுத் தூரம் ஏறிப்போன புள்ளைக்கு, பஸ் ஏற ஒரு குளிசை வேணுமாக்கும்? இப்பிடியே போனா குளிசை இல்லாம சிரிக்கவும் வராது, பாரு."

சொன்னவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து சிறுமியாக இந்த மலைக்கு வந்தவள். மாத்திரையை இன்றைக்கும் குளிசை, லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்லுவாள். எஸ்டேட் லைன் வீடுகளில் அவளுடையது எங்களுக்கு அடுத்த கதவு. நான் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் காப்பி கொதிக்கும். அவள் சொல்லை வெறும் பொறாமை என்று தள்ள முடியாது. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். தாவரவியல் முடித்து, குன்னூரில் பி.எட். படிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். காலையில் மஸ்டரில் ஆள் எண்ணும்போதே அப்பாவை "டீச்சரோட அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், நான் இன்னும் டீச்சர் ஆகவில்லை என்றாலும்.

அப்படியிருக்க, ஒரு நாள் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், வளைவு ஒன்றில் திரும்பும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை சில்லிட்டது. செத்துவிடுவேன் என்றே நம்பினேன். பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் புகுந்து மேலேறி வீட்டுக்கு நடந்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வாய்வு என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸை நினைத்தாலே அதே அடிப்பு. தூக்கம் போனது. குளிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி, மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போகும் வழியில் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி எதிரே வந்தாள்.

"என்ன டீச்சரம்மா, இந்தப் பக்கம்?"

"கண்ணு செக் பண்ண வந்தேன்க்கா."

அவள் நகராததால் கண் டாக்டரின் வரிசையிலேயே போய் நின்றேன். என் பார்வை நன்றாக இருக்கிறது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். பிறகுதான் போக வேண்டிய கதவுக்குப் போனேன்.

மனநல மருத்துவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மன அழுத்தமும் பதற்றமும் சேர்ந்து இருக்குதுங்க. மாத்திரை தர்றேன். தின்ன உடனே கேக்காது, சில வாரம் ஆகும். மொதல்ல கொஞ்சம் கொமட்டும். பேச்சு சிகிச்சைக்கும் வந்துருங்க."

"அடிமையாயிடுவேனா டாக்டர்?"

"இது போதை இல்லீங்க. ஆனா நல்லாயிட்டோம்னு தோணறப்ப நீங்களா நிறுத்தக் கூடாது. நேரம் வந்தா நானே கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சு நிறுத்துவேன்."

வீட்டில் பஸ் பயத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை என்று மட்டும் சொன்னேன்; குளிசை பற்றிய அத்தையின் அந்தச் சொல் அப்போது வந்ததுதான். வாரங்கள் போயின. மகிழ்ச்சி ஒன்றும் வந்து குதிக்கவில்லை. ஒரு நாள் சாம்பாரில் உப்பு குறைவு என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். அதுவரை நாக்கில் எதுவும் தங்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதே அன்றுதான் புரிந்தது. பஸ் வளைவுகளில் பயம் வந்தது. ஆனால் நான் இறங்கவில்லை. குன்னூரில் ஒரு பள்ளியில் பி.எட். பயிற்சிக்காக வகுப்பு எடுக்கத் தொடங்கினேன்.

இங்கேதான் எங்கள் லைன் வழக்கம் குறுக்கே வந்தது. எங்கள் வீடுகளில் மாத்திரை என்றால் காய்ச்சல் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை யாரும் விழுங்குவதில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்கள். அடுத்த வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் அந்த டப்பா திறக்கும். சர்க்கரை, காப்பித்தூள் போல மாத்திரையும் கதவுக்குக் கதவு போகும். நான் ஒரு மாலை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவியதை அம்மா பார்த்திருக்கிறாள். மகளுக்குச் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்து, என் மாத்திரை அட்டைகளை எடுத்து டப்பாவில் போட்டாள். தூக்கம் வரவில்லை என்று கேட்ட அத்தைக்கு அதிலிருந்தே எடுத்தும் கொடுத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்தபோது கோபம் வரவில்லை. மாத்திரை இல்லாமலே நான் சிரிப்பதை அத்தை பார்க்கட்டும் என்றுதான் தோன்றியது. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தும், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

சில நாளில் தலை சுற்றியது. திரும்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் போல ஒரு வெட்டு. அந்த வாரம்தான் கல்லூரி விரிவுரையாளர் என் வகுப்பைப் பார்த்து மதிப்பிட வந்தார். அது தேறாவிட்டால் பயிற்சி முடியாது. ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒன்பதாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை. பாதிப் பாடத்தில் பழைய அடிப்பு வந்தது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். பின்னால் ஒரு பிள்ளை, "மிஸ்ஸுக்கு என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அன்று மாலை லைன் குழாயடியில் அத்தை குடத்தோடு நின்றாள். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

"அத்தை, அம்மா குடுத்த மாத்திரையத் திருப்பிக் குடுங்க."

"குடுத்ததத் திருப்பிக் கேக்குற பழக்கம் நம்ம லயத்துல எப்ப வந்துச்சு?"

"அது தூக்க மாத்திரை இல்ல. மனசு நோய்க்கு உள்ளது. என் பேருக்கு எழுதிக் குடுத்தது."

குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

"டீச்சருக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, டீச்சருக்குத்தான். அத விட்டதாலதான் இன்னைக்கு வகுப்புல நிக்க முடியல."

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதான பாத்தேன்! ஒன்னு தின்ன ராத்திரி கண்ணும் மூடல, வவுறும் கொமட்டுச்சு. ஒங்காத்தா என்னயக் கொல்லப் பாத்திருக்கா."

"கேட்டு வாங்கினது நீங்கதான மதினி?" என்றாள் அம்மா. குழாயடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

"தூக்கம் வரலைன்னா என்னோட டாக்டர்கிட்ட வாங்கத்தை. என் மாத்திரை உங்களுக்கு ஆகாது."

"நான் எதுக்குடி அங்க? நான் என்ன படிச்சவளா?"

அதற்கு இன்னும் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அட்டைகளை மட்டும் அன்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். நானாக மறுபடி விழுங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய், நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். திட்டவில்லை. குறைந்த அளவில் திரும்பத் தொடங்கச் சொன்னார். அம்மாவிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னேன்: இது காய்ச்சல் இல்லை, நான் பாடினாலும் ஆடினாலும் அட்டை என் பையில்தான் இருக்கும். மாலையில் அவள் இப்போது "தின்னியா?" என்று கேட்கிறாள், சோறு தின்றாயா என்று கேட்பது போல.

தலைக்குள் வெட்டு நின்றது. தூக்கம் மெல்லத் திரும்பியது. பதற்றம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகும் வரை காத்திருக்கப் போவதும் இல்லை. நேற்று மதியம் விரிவுரையாளரின் அறைக்குப் போனேன்.

"அன்னைக்கு என்னம்மா ஆச்சு?"

"மனப் பதற்றத்துக்கு மருந்து எடுத்துக்கறேங்க மேடம். நடுவுல நிறுத்திட்டேன், அதனாலதான். இப்ப ஒழுங்கா எடுத்துக்கறேன். அதே வகுப்பு, அதே பாடம். நீங்க திரும்ப வந்து பாக்கணும்."

அவர் தன் டைரியைப் புரட்டினார். "இன்னும் ஒரு மாசம் போகட்டுமே?"

"வேண்டாங்க மேடம். புதன்கிழமை நடத்தறேன்."

வருவதாகச் சொன்னார். அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். புதன்கிழமை ஆளுக்கொரு பச்சை இலை பறித்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.