சத்தமில்லாமல் எடுத்த அளவு

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு மீறிய உடம்பு. கடையில் சின்னப் பிள்ளைகளின் சுடிதார் அக்குளில் பிடிக்கும். பெரியவர்கள் அளவோ தோளிலிருந்து வழியும். "வளருற பிள்ளதான, எல்லாம் சரியாப் போகும்" என்பாள் அம்மா. வளர்ந்தேன், சரியாகத்தான் போகவில்லை. ஒருநாள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியபோது அக்குள் தையல் டர்ரென்று விட்டது. அதன்பிறகு கையைத் தூக்கியதே இல்லை. எவ்வளவு கூட்டமானாலும் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு தள்ளாடியே போவேன்.

அந்தச் சமயம் ராஜபாளையத்தில் உள்பாவாடை தைக்கும் கம்பெனி ஒன்று, சென்னையிலிருந்த டிசைன் கல்லூரியோடு சேர்ந்து, எங்கள் வயதுப் பெண்களுக்கென்றே சுடிதார் தைக்க முனைந்தது. அளவு கொடுப்பவர்களுக்கு ஒரு சுடிதார் இலவசம். பள்ளியிலிருந்து எங்களை அந்தக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள்.

போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி டேப் பிடித்து அளவை உரக்கச் சொல்ல, இன்னொருத்தி தூரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். ஹாலுக்கே கேட்கிறது. வரிசை நகர்ந்தது. என் முறை வந்ததும் பின்னால் நின்ற ஒல்லிக்காரி, "ஏட்டி, இவளுக்கு டேப்பு பத்தாது. தேர் வடத்தக் கொண்டாரச் சொல்லு!" என்றாள். ஒரே சிரிப்பு. ஓடிவிடலாம் என்று திரும்பினேன்.

டேப் பிடித்த மாணவி என் மணிக்கட்டைப் பற்றினாள். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பாவாடைக்குக் கோக்கும் நாடாச் சுருளை எடுத்தாள். தோளில் ஓட்டினாள், மார்பைச் சுற்றினாள், இடுப்பைச் சுற்றினாள். ஒவ்வொன்றையும் அளவைவிடக் கொஞ்சம் நீளமாகக் கத்தரித்து, அளவு முடிகிற இடத்தில் தோளுக்கு ஒன்று, மார்புக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று என்று முடிச்சுப் போட்டு, என் பெயர் எழுதிய கவரில் வைத்தாள். ஒரு எண்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

"எம்புட்டுன்னு தெரியாமப் போயிருமேக்கா?" என்றேன்.

"துணிக்குத் தெரிஞ்சாப் போதும்மா" என்றவள் வரிசையைப் பார்த்து, "இனிமே எல்லாருக்கும் நாடாதான்" என்றாள்.

ஒல்லிக்காரி விட்ட பெருமூச்சு என் பிடரியில் பட்டது. அவளுக்கும் என்ன பயமோ, பாவம்.

சுடிதார் வந்த அன்று கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு நேராகப் போய் பஸ் ஏறினேன். மெதுவாகக் கையைத் தூக்கினேன். எங்கும் இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. கையோடு துணியும் வந்தது. காலைநேரத்து மேல்கம்பி அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அந்த அக்காவின் முகம் மறந்துவிட்டது; ஆனால் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம், என்னைச் சத்தமில்லாமல் அளந்த அந்தக் கைகள்தான் இன்றும் என்னை விழாமல் நிறுத்துகின்றன.